பட்டியலில் ஏறாத சாவுகள்: சயாம் ரயில்பாதையின் அருங்காட்சியகங்களும் நினைவிடங்களும்

பாங்காக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காஞ்சனபுரி அளவில் சின்ன ஊர்தான். போர் நினைவிடங்களை எண்ணினால் தென்கிழக்கு ஆசியாவில் அதற்கு ஈடான ஊர்கள் குறைவு. இரண்டு போர்க் கல்லறைத் தோட்டங்கள், மூன்று அருங்காட்சியகங்கள், எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் இன்னொன்று, ஜப்பானியப் படை எழுப்பிய ஒரு நினைவுத்தூண், விகாரை வளாகத்தில் எலும்புகளை அடக்கம் செய்த இடம், இன்றும் ரயில் போய்வருகிற இரும்புப் பாலம். அத்தனையும் ஒரே ரயில்பாதையைப் பற்றியவை. அந்தப் பாதையைப் போடும்போது இறந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கினர் ஆசியத் தொழிலாளர்கள். மீதி ஒரு பங்குதான் போர்க்கைதிகள். காஞ்சனபுரியில் பார்வையாளரின் கண்ணில் படுவதோ பெரும்பாலும் அந்த ஒரு பங்கின் கதை. இது எப்படி நேர்ந்தது என்று ஆராய அந்த ஊரின் நினைவிடங்களையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மலாயாவிலிருந்து அங்கே போன தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள் என்பதால், நமக்கும் இதில் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. சில மாதங்களில் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் நிற்கும் படைக்கு அரிசியும் தோட்டாவும் போய்ச் சேர மலாய்த் தீபகற்பத்தைச் சுற்றி, மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல் விட வேண்டியிருந்தது. அந்தக் கடலில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. எனவே தரைவழி ஒன்று தேவைப்பட்டது: சயாமின், அதாவது தாய்லாந்தின், பான்போங் அருகே நோங் பிளாடுக்கிலிருந்து, மூன்று பகோடா கணவாயைத் தாண்டி, பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். இதே தடத்தைப் பிரிட்டிஷார் முன்பு யோசித்துப் பார்த்து, மலையும் காடும் நோயும் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானியப் பொறியாளர்கள் 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்ற இடத்தில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி, கொஞ்சம் வெடிமருந்து, அங்கங்கே யானை. மற்றபடி எல்லாம் ஆள்பலம். 1943 தொடக்கத்தில் கெடு முன்னுக்கு இழுக்கப்பட்டது. காவலர்கள் ‘ஸ்பீடோ’ என்று கத்தி விரட்டிய அந்த மாதங்களுக்குக் கைதிகள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். மே மாதம் மழையும் காலராவும் சேர்ந்து வந்தன.

வேலையில் இறக்கப்பட்ட போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல்: பிரிட்டிஷார், டச்சுக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், சில நூறு அமெரிக்கர்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து அனுப்பப்பட்ட ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பிரிவில் மட்டும் 7,000 பேரில் 3,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. தொழிலாளர்களாகப் போனவர்கள் பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர். மொத்தம் இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே சொல்கிறது. இந்த எண்ணின் இரு முனைகளுக்கும் இடையே இருபதாயிரம் பேர் வித்தியாசம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கைதிகளின் சாவுக் கணக்கில் இப்படியொரு பள்ளம் கிடையாது.

தமிழர்கள் எப்படிப் போனார்கள்? போர் வந்ததும் துரைமார் சிறைப்பட்டார்கள் அல்லது தப்பி ஓடினார்கள். ரப்பருக்குச் சந்தை போயிற்று. பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் வீடு திரும்பலாம் என்ற அறிவிப்பு வந்தது. முதலில் சிலர் விரும்பியே போனார்கள், சிலர் குடும்பத்தோடு. போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் பின்வாங்கியதும் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கை நிரப்பும் வேலை தோட்ட எழுத்தரான கிராணிக்கும் ஆள்களை மேய்க்கும் கங்காணிக்கும் வந்து சேர்ந்தது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டத்தைச் சேர்த்து, கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதைகளை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. சரக்குப் பெட்டிகளில் அடைத்து பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். போட்ட தண்டவாளத்திலும் ஒரு பகுதி மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்தது. ஆளும் இரும்பும் ஒரே இடத்திலிருந்து போயிருக்கின்றன.

காஞ்சனபுரி நகர நடுவில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தை, டொன் ராக் என்பார்கள், இனி பார்க்கலாம். 5,084 காமன்வெல்த் படையினர், 1,896 டச்சுக்காரர்கள். வரிசை பிசகாத பலகைகள், வெட்டிய புல், ஒவ்வொரு பலகையின் காலடியிலும் பூச்செடி. இறந்தவர் பெயர், படைப்பிரிவு, வயது, கீழே குடும்பத்தார் அனுப்பிய ஒரு வரி. காலராவில் இறந்து எரிக்கப்பட்ட முந்நூறு பேரின் சாம்பலைக்கூட இரண்டு கல்லறைகளில் சேர்த்து, அது யாருடைய சாம்பல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நகருக்கு வெளியே ஆற்றோரம் சுங்காயில் இன்னொரு தோட்டம், ஏறத்தாழ 1,700 கல்லறைகளோடு. பர்மா முனையில் தான்பியூசாயாட்டில் மூன்றாவது, 3,700-க்கும் மேல். அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களின் எலும்பை ஊருக்கே எடுத்துப் போய்விட்டார்கள். இந்தத் தோட்டங்களைப் பார்த்துவிட்டு எரிச்சல்படும் தமிழர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த எரிச்சலில் உடன்பாடில்லை. இந்த மயானங்கள் ஒரு போர் நினைவிடம் செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்திருக்கின்றன. அந்தச் செம்மை எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அது வந்தது காகிதத்திலிருந்து. 1945 செப்டம்பரில், போர் முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், கல்லறை தேடும் குழு ஒன்று அந்தப் பாதை நெடுக ரயிலில் போனது. 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பட்டியலில் இருந்து கிடைக்காமல் போனவை 52 மட்டுமே. மழையும் மூங்கிலும் மூடிய காட்டில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? கைதிகளின் முகாம்களில் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பாதிரிமார் இருந்தார்கள். யார், எந்த நாளில், எந்த நோயில், எந்த இடத்தில் என்று ஒளித்து ஒளித்து எழுதினார்கள். மூங்கில் குழாய்க்குள் திணித்தும் கல்லறைக்குள்ளேயே புதைத்தும் அந்தப் பதிவேடுகளைக் காப்பாற்றினார்கள். ஒரு படையின் கட்டுக்கோப்பு சிறையிலும் குலையாமல் இருந்ததன் விளைவு அது. அந்தப் பதிவேட்டின் பின்னால் இறந்தவனின் வீட்டுக்கு ஓய்வூதியம் தர வேண்டிய ஒரு அரசும் இருந்தது. எனவே யார் செத்தான் என்று அறிவது அரசுக்கும் தேவையாக இருந்தது.

தொழிலாளர் முகாமில் இவை எதுவும் இல்லை. பெண்களும் பிள்ளைகளும் கலந்த, ஒருவரையொருவர் அறியாத பல தோட்டத்து ஆட்கள். மருத்துவர் இல்லை, கழிப்பிடம் இல்லை, பேச ஒரு தலைவன் இல்லை. காலரா வந்த முகாமில் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். பிணங்கள் குழியில் தள்ளப்பட்டன அல்லது அப்படியே கிடந்தன. நிலைமை கைமீறியபோது 1943 நடுவில் சாங்கியிலிருந்து ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’ என்று இரு மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். முதலாவதில் 230 பேர், இரண்டாவதில் 115 பேர், எல்லாரும் கைதிகள். தமிழ்த் தொழிலாளர் முகாம்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சாட்சியங்களில் பெரும்பங்கு இவர்களும் இவர்களைப் போன்ற மற்றக் கைதிகளும் எழுதியவை. இரக்கத்தோடு எழுதியவர்கள் உண்டு, அருவருப்போடு எழுதியவர்களும் உண்டு. எப்படியானாலும் வெளியிலிருந்து பார்த்த கண். பெயர் தெரியாமல், மொழி தெரியாமல், ‘தமிழ்க் கூலிகள்’ என்று மொத்தமாக எழுதிய கண்.

டொன் ராக்கின் நுழைவாயில் கட்டடத்தில் பதினோரு பெயர்கள் பொறித்த ஒரு கல் இருக்கிறது. பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்தவர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் மயானங்களில் அடக்கமானவர்கள். அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயரை இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பார்க்காமல் கடந்துபோகும் கல் இது. என் வாதத்துக்கு இதுவே முக்கியமான சான்று. இந்தியன் என்பதற்காக யாரும் இங்கே விலக்கப்படவில்லை. சீருடை போட்டு, படைப் பதிவேட்டில் ஏறியவனுக்கு, கல்லறை கிடைக்காவிட்டாலும் கல்லில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. சீருடை இல்லாமல் மண் சுமந்தவனுக்கு, இந்தத் தோட்டங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் விதியில் இடமே இல்லை.

அந்த விதியும் எப்போதும் நேர்மையாக நடைமுறையானது என்று சொல்ல முடியாது. 1917-இல் தொடங்கிய அந்த ஆணையம், பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்ற கொள்கையோடு பிறந்தது. 2021-இல் ஆணையமே அமைத்த குழு தந்த அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரிலும் சுமைக்காரர்களிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டதாக ஒப்புக்கொண்டது. உண்மையான எண் மூன்றரை லட்சம் வரை போகலாம் என்றும் சொன்னது. கிழக்கு ஆப்பிரிக்கச் சுமைக்காரர்களுக்கு நைரோபியிலும் மொம்பாசாவிலும் டார் எஸ் சலாமிலும் பொதுவாகச் சிலை வைத்து முடித்துக்கொண்டார்கள். பெயர் கிடைக்காததால் சிலை வைத்தார்களா, சிலையே போதும் என்று நினைத்ததால் பெயரைத் தேடவில்லையா என்ற சந்தேகம் அந்த அறிக்கையைப் படிக்கும்போது வருகிறது. சயாம் பாதையைப் பொறுத்தவரை சிலைகூட வைக்கவில்லை.

அருங்காட்சியகங்களுக்கு வருவோம். ஆற்றங்கரையில், சாய் சும்போன் விகாரை வளாகத்தில், 1977-இல் அந்த விகாரையின் தலைமைத் துறவி தொடங்கிய ‘ஜீத்’ அருங்காட்சியகம் மூங்கில் குடிசை வடிவில் இருக்கிறது. மங்கிய புகைப்படங்கள், கைதிகள் வரைந்த கோட்டோவியங்களின் நகல்கள், துருப்பிடித்த கத்திகள். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. அதிகம் பேரை இழந்த பர்மாவும் மலாயாவும் பெயர்ப்பலகையிலேயே இல்லை. பாலத்தருகே தனியார் நடத்தும் அருங்காட்சியகம் வேறு ரகம்: போருக்குச் சம்பந்தமில்லாத எத்தனையோ பொருள்கள் குவிந்திருக்கும் அந்தக் கட்டடத்தில், தொழிலாளர்களுடையது என்று எலும்புகளைக் கண்ணாடிப் பேழைக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிரிட்டிஷ் படையாளின் எலும்பை இப்படிக் காட்ட யாருக்கும் தோன்றியிருக்காது. தொழிலாளர்களுக்கு இந்த ஊரில் கிடைத்த மிக வெளிப்படையான காட்சியிடம் இதுதான் என்பது கசப்பான விஷயம்.

மூன்றில் மேலானது, ஐயமில்லாமல், கல்லறைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம். ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர் பல ஆண்டுகள் காட்டில் பாதையைத் தடம்பிடித்து நடந்து, கைதிகளின் பதிவுகளைச் சேர்த்து, 2003-இல் திறந்தது. வரைபடம், மாதிரி அமைப்பு, நோய், உணவு, பொறியியல் என்று பாதை முழுவதையும் ஒரு கேள்வியாக எடுத்து விளக்கும் இடம் இது. தொழிலாளர்களை மறைக்கவுமில்லை. ஆனால் பேரன் பேத்திகள் வந்து தாத்தாவின் பெயரைச் சொன்னால் அவர் எந்த முகாமில் இருந்தார், எங்கே இறந்தார் என்று தேடித் தரும் சேவை கைதிகளின் வாரிசுகளுக்கே உதவும். ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ வரும் ஒரு தமிழ்க் குடும்பம் கேட்டால் தேடுவதற்கு ஏடு வேண்டுமே.

வடக்கே, கொன்யு வெட்டுப்பாறை இருக்கும் இடத்தில் ஆஸ்திரேலிய அரசு நடத்தும் நினைவு அருங்காட்சியகம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக மனிதர்கள் பாறை உடைத்த காட்சியைப் பார்த்துக் கைதிகள் அதற்கு ‘ஹெல்ஃபயர் பாஸ்’, நரகத்தீக் கணவாய், என்று பெயர் வைத்தார்கள். காடு மூடிக் கிடந்த அந்த இடத்தை 1980-களில் முன்னாள் கைதி ஒருவர் தேடிக் கண்டுபிடித்து அரசை நச்சரித்ததன் விளைவாக, 1998-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்ட் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். கைதிகளின் மருத்துவர் எட்வர்ட் டன்லப்பின் சாம்பலில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரல் 25-ஆம் தேதியும் விடியலில் அஞ்சலி நடக்கிறது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, பிழைத்துவந்தவர்களின் குரலைக் கேட்டபடியே பாறைப் பிளவுக்குள் நடக்கலாம். போர் அருங்காட்சியகம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பொருள்கள் குறைவு, இடமே காட்சிப்பொருள், குரலே விளக்கம். ஒரு முன்னாள் கைதி, அவர் பேச்சைக் கேட்கும் ஒரு அரசு, அந்த அரசிடம் பணம் — மூன்றும் சேர்ந்தால் காட்டுக்குள்ளும் அருங்காட்சியகம் முளைக்கும். பிழைத்து மலாயாவுக்குத் திரும்பிய தொழிலாளிக்கு முதலாவது மட்டும் இருந்தது.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. பியர் பூல் 1952-இல் எழுதிய நாவலும், 1957-இல் டேவிட் லீன் எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கிய படமும் ‘குவாய் நதிப் பாலம்’ என்று பேர் வாங்கிக் கொடுத்தன. உண்மையில் பாலம் நின்றது மே குளோங் ஆற்றின்மேல். பயணிகள் வந்து குவாய் எங்கே என்று கேட்கவே, 1960-இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். படம் எடுத்ததோ இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் குறுக்கே. அந்தப் படத்தில் பாலம் கட்டுபவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள்தான். உலகத்தின் நினைவில் சயாம் பாதை என்றால் இன்றுவரை அதுதான் படம். அருங்காட்சியகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் பார்வையாளர் எதை எதிர்பார்த்து உள்ளே வருகிறார் என்பதை அதனால் மாற்ற முடிவதில்லை.

பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மரங்களுக்கு நடுவே, ஜப்பானியப் படையின் ரயில்வே பிரிவு 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண். பாதையில் இறந்த எல்லாருக்குமாக என்று அமைத்தது. அதைச் சுற்றிலும் இறந்தவர்களின் மொழிகளில் பொறித்த பலகைகள். அவற்றில் ஒன்று தமிழ். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சாவுகள் முழுதும் ஓயாத நிலையில், செத்த தமிழனுக்குத் தமிழில் கல் வைத்தது அவனைக் கொண்டுவந்து சாகவிட்ட படை. பின்னால் வந்த பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு அது தோன்றவில்லை. இதை ஜப்பானியரின் மனச்சாட்சி என்று பாராட்டும் எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் பாசாங்கு என்று தள்ளும் எழுத்துகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் அவசரம் என்று தோன்றுகிறது. இறந்தவரின் ஆவியைச் சாந்தப்படுத்தும் சடங்கு ஜப்பானியப் படையில் நெடுநாள் வழக்கம். இறந்தவரைக் கணக்கெடுப்பது அந்தச் சடங்கில் சேராது. தமிழ்ப் பலகை இருக்கிறது, தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை.

ஜப்பான் தரப்பில் சடங்கைத் தாண்டிப் போனவர் நாகாசே தகாஷி. காஞ்சனபுரியில் இராணுவக் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1945-இல் அந்தக் கல்லறை தேடும் குழுவோடும் மொழிபெயர்ப்பாளராகப் போனார். பிறகு வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அங்கே வந்து, 1986-இல் பாலத்தருகே ஒரு சமாதான ஆலயம் கட்டினார். தன் முன்னால் சித்திரவதைப்பட்ட எரிக் லோமாக்ஸை 1993-இல் சந்தித்துப் பேசியதும் லோமாக்ஸ் எழுதிய தன்வரலாறும் பரவலாக அறியப்பட்டவை. தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தின் யூஷூகான் அருங்காட்சியகம் இதற்கு நேர் எதிர். சயாம் பாதையில் ஓடிய சி56 ரக நீராவி எஞ்சின் ஒன்று முன்கூடத்தில் மெருகு குலையாமல் நிற்கிறது. அது ஓடிய பாதையின் சாவுகளைப் பற்றி விளக்கப்பலகை வாய் திறப்பதில்லை என்று போய்ப் பார்த்த பலரும் எழுதியிருக்கிறார்கள்.

போர் முடிந்த பிறகு நடந்த பண விவகாரமும் இதே பாதையில்தான் போகிறது. பிரிட்டன் அந்த ரயில்பாதையைத் தாய்லாந்துக்கு ஐந்து கோடி பாட்டுக்கு விற்றது. பெயர்த்தெடுத்த தண்டவாளத்துக்கும் பெட்டிகளுக்கும் சொந்தக்கார ரயில்வேக்களுக்கு ஈடு கணக்கிடப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைக்கு 76 பவுண்டு சொச்சம் வந்தது; 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்தவர்களுக்கு 10,000 பவுண்டு தர முடிவெடுத்தது. 1967-இல் ஜப்பானும் மலேசியாவும் செய்த உடன்பாட்டின்படி 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள் மலேசிய அரசுக்கு வந்தன. சயாமுக்குப் போன தோட்டக் குடும்பங்களின் கைக்கு அதிலிருந்து என்ன வந்தது என்று கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள்.

நம் பங்குக்கும் ஒரு மறதி உண்டு. பாதை வேலை நடந்துகொண்டிருந்த 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். சயாமுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பிக்கவே படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். தொழிலாளர்கள் செத்துப் போட்ட அதே தண்டவாளத்தில் ஐ.என்.ஏ. வீரர்கள் பர்மா போனார்கள். ஜப்பான் காலத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது முதல் பாதி நமக்கு இனித்தது: கொடி, முழக்கம், தியாகம். சயாம் பாதை என்ற இரண்டாம் பாதியில் வீரமும் இல்லை, எதிரியும் தெளிவாக இல்லை. பிடித்துக் கொடுத்த கங்காணியும் தமிழன், ஏற்றுக்கொண்ட ஜப்பானியன் நேதாஜியின் தோழன். அந்தக் கதையை யாரும் மேடையில் சொல்ல விரும்பவில்லை. மலேசியத் தமிழ் இலக்கியம்தான் அதைத் தாங்கி நின்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய இரு நாவல்களும் அருங்காட்சியகங்கள் விட்ட இடத்தில் ஆளை நிறுத்திக் காட்டின. தமிழ்நாட்டில் அவற்றைத் தேடிப் படித்தவர்கள் குறைவு.

1990-இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, ஆசியத் தொழிலாளர்களுடையவை. ‘வாட் தாவோர்ன் வராராம்’ விகாரையில் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடத்தில் மலேசியத் தமிழர்கள் இப்போது போய்ப் படையல் வைக்கிறார்கள். அண்மைக் காலத்தில் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியில் காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. நல்ல காரியம், தாமதமானாலும் தமிழர்களே எழுப்பியது. ஆனால் நடுகல் மரபை அறிந்தவர்களுக்கு ஓர் உறுத்தல் இருக்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல், ஆநிரைப் பூசலில் இறந்தவன் பெயர் தீயன் அந்தவன் என்று சொல்கிறது. எந்த ஊர்ப் பூசல் என்றும் சொல்கிறது. எண்பது ஆண்டுக்கு முன் இறந்தவர்களுக்கு வைத்த கல்லில் ஆள்பெயர் பொறிக்க நம்மிடம் பட்டியல் இல்லை.

பட்டியல் இல்லாத இடத்தில் எண்கள் வளர்கின்றன. ஒன்றரை லட்சம் தமிழர்கள் இறந்தார்கள் என்று சில மேடைகளிலும் இதழ்களிலும் அடித்துச் சொல்கிறார்கள். போருக்குப் பின் எடுத்த கணக்குகளின்படி மலாயாவிலிருந்து போன எல்லா இனத்தவரும் சேர்ந்தே எழுபது, எண்பதாயிரம் அளவில்தான். போனவர்களைவிட இறந்தவர்கள் இரட்டிப்பாக முடியாது. முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ என்பது குறைந்த சாவு என்று யாருக்காவது தோன்றினால் அவர்களோடு பேச ஒன்றுமில்லை. மிகைப்படுத்திய எண், கேட்கிற அரசுக்குத் தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. நாம் மட்டுமே மறக்கப்பட்டோம் என்ற புலம்பலும் சரியில்லை. பாதைக்குப் போனவர்களில் மிகப் பெரிய கூட்டம் பர்மியர்கள். ‘வியர்வைப் படை’ என்ற பெயரில் அவர்கள் சொந்த அரசே ஆள் திரட்டிக் கொடுத்தது. தான்பியூசாயாட்டில் 2016-இல்தான் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். பர்மியத் தொழிலாளர்களின் கல்லறைகளைத் தேடி இன்றுவரை எந்தக் குழுவும் ரயில் ஏறவில்லை.

தமிழர்களைப் பொறுத்தவரை தேடுவதற்கு இன்னும் சில இடங்கள் மிச்சம். 1945 இறுதியிலிருந்து சயாம் முகாம்களில் எஞ்சியவர்களை மலாயாவுக்குத் திருப்பி அனுப்பிய பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கோப்புகள் ஒன்று. சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளின் சாட்சியங்கள் இன்னொன்று. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகள், மலேசியாவில் மரண ரயில்பாதை ஆர்வலர்கள் முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்கள் எல்லாம் உண்டு. நேர்காணல் தந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. இவற்றையெல்லாம்விட நம்பத்தக்கது தோட்டத்து ஆபீசில் கிராணி எழுதிய செக்ரோல். கூலி போடுவதற்காக ஒவ்வோர் ஆளின் பெயரும் அதில் ஏறியாக வேண்டும். போருக்கு முன் இருந்து, 1946 செக்ரோலில் காணாமல் போகிற பெயர்கள் எல்லாம் சயாமில் செத்தவர்களுடையவை ஆகா. ஊருக்குத் திரும்பியவர்கள், பசியில் இறந்தவர்கள், தோட்டம் மாறியவர்கள் அதில் கலந்திருப்பார்கள். அவர்களைக் குடும்பங்களிடம் விசாரித்துக் கழிக்க வேண்டும். ஒரு தோட்டத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிகிற வேலை. தோட்டங்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கின்றன, பழைய ஆபீஸ் கட்டடங்களும் அவற்றோடு போகின்றன; செக்ரோல் கிடைக்க வேண்டும்.